இந்தக் கூறு யாருக்கு?

கறிக்கடைப் பலகையில் சாக்பீஸால் ஒரு விலை எழுதியிருப்பார்கள். அதை நம்பிக் கடை மாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மதுரையில் எங்கள் பக்கம் ஆட்டுக்கறி கிலோ 900 என்றால், ஒரு தெரு தள்ளி 850, இன்னும் ரெண்டு தெரு தள்ளி 1,000. அந்த 850 கடையில் வாங்கியவர் ஊரை ஜெயித்த முகத்தோடு வீட்டுக்கு வருவார். சட்டியில் கொட்டிப் பார்த்தால் ஒரு கை கொழுப்பு, ஒரு கை கழுத்தெலும்பு, மீதியில் பாதி சவ்வு. மிச்சம் பிடித்த 50 ரூபாய் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். பலகையில் இருப்பது எடைக்கு உண்டான விலை. தட்டில் விழுகிற கறிக்கு என்ன விலை என்பதை முடிவு செய்வது கத்தி. கத்தி பாய் கையில் இருக்கிறது.

என் அப்பா பலகையைத் திரும்பியே பார்க்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்புவார். வாங்கப் போவது அரைக் கிலோ. ஆனால் கடையில் அவர் நிற்கிற தோரணையைப் பார்த்தால், கல்யாண வீட்டுக்கு ஆடு பேச வந்த பெரிய மனிதர் என்றே எவரும் நினைப்பார்கள். முதலில் வாலைப் பார்ப்பார். தோலுரித்துத் தொங்கவிட்ட ஆட்டில் வாலை மட்டும் ரோமத்தோடு விட்டு வைத்திருப்பார்கள், வெள்ளாடா செம்மறியா என்று வாங்குகிறவர் தெரிந்துகொள்வதற்காக. வெள்ளாட்டு வால் குட்டை, மேலே தூக்கி நிற்கும். செம்மறி வால் கீழே தொங்கும். கிடாதான் என்பதற்கும் ஓர் அத்தாட்சி தொங்கும். அதைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் விரிவாக எழுத முடியாது. வால், அத்தாட்சி, மாநகராட்சி முத்திரை என்று வரிசையாக ஆய்வு நடத்தி முடித்து, கனைத்துக்கொண்டு, "அரைக் கிலோ போடுங்க பாய்" என்பார். பாய் கொஞ்சமும் சிரிக்க மாட்டார். அது அவருடைய பெருந்தன்மை.

இந்த வால் விஷயம் லேசுப்பட்டதில்லை. 2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் சென்னை எழும்பூருக்கு வந்த கறிப் பெட்டிகளைப் பிடித்து, நாய்க்கறி என்று ஒரே அமளி. நீளமான வாலைப் பார்த்து வந்த சந்தேகம். கடைசியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் பரிசோதித்து, ஆட்டுக்கறிதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்டுக்கு வால் நீளம், அவ்வளவுதான் என்றார்கள் வியாபாரிகள். அப்பா அப்போது உயிரோடு இருந்திருந்தால் அந்த வாலைப் பார்த்துத் தப்பான தீர்ப்புதான் சொல்லியிருப்பார். ஆனால் கம்பீரமாகச் சொல்லியிருப்பார்.

எடை போட்டு முடித்த பிறகுதான் அவருடைய அசல் வியாபாரம் ஆரம்பிக்கும். "பாய், பிள்ளை ரொம்ப இளைச்சுட்டான். ஒரு துண்டு ஈரல் போடுங்க." பிள்ளை என்பது நான். கடைக்கு என்னைக் கூட்டிப் போனதே இதற்காகத்தான். விலா எலும்பு எண்ணும்படி இருந்த காலத்தில் எனக்குக் கறிக்கடையில் நல்ல மதிப்பு இருந்தது. கொசுறாக ஈரல் வரும், கொஞ்சம் கொழுப்பு வரும், மனசு நிறைந்த நாளில் ஒரு நல்லி எலும்பும் வரும். அந்த ஈரலைத் தின்று தின்று எனக்குக் கன்னம் வைத்துவிட்டது. உடனே அப்பா என்னை வீட்டில் விட்டுவிட்டுத் தங்கச்சியைக் கூட்டிப் போக ஆரம்பித்தார்.

கொசுறுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. எடைக்கு முன்னால் கேட்டால் அது பேரம், பாய்க்குப் பிடிக்காது. காசு கொடுத்து மீதிச் சில்லறை வாங்கின பிறகு கேட்டால் அது பிச்சை; நமக்கு மரியாதை இல்லை. தராசு நின்று, இலையில் கறியைச் சுருட்டப் போகிற அந்த ஒரு நொடியில் கேட்க வேண்டும். பாயின் கை ஏற்கெனவே கறிமேல் இருக்கும். இன்னொரு துண்டைச் சேர்த்துத் தள்ளுவது அந்தக் கைக்குச் சுலபம். இதை எந்த வணிகவியல் வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

இப்போது போனில் ஆர்டர் போட்டால் கறி பிளாஸ்டிக் தட்டில் படுத்துக்கொண்டு வருகிறது. பார்வைக்கு அரைக் கிலோ; எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தால் 450 கிராம். 50 கிராம் யாரிடம் கேட்பது? ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நிற்கிற பையனிடம் "தம்பி, பேரனுக்கு ஒரு துண்டு ஈரல்" என்று கேட்க முடியுமா? அவனைப் பார்த்தால் அவனுக்குத்தான் யாராவது ஈரல் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அரைக் கிலோ கறியை ஏழு பேர் இருந்த வீட்டில் எப்படி ஓட்டினார்கள் என்று கேட்டால், அது அம்மாவின் இலாகா. கத்தரிக்காய், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, வாழைக்காய் என்று குழம்பில் விழாத காயே இல்லை. வாழைக்காயைக் கறித்துண்டு அளவிலேயே நறுக்கி, மசாலாவில் கருக்கப் புரட்டியும் விடுவார். ரெண்டு துண்டு வாழைக்காயைக் கறி என்று நம்பித் தின்றுவிட்டு, மூன்றாவதாகக் கறியே வந்தபோது "இது என்னம்மா, வேகாத வாழைக்காய்" என்று கேட்டவன் என் தம்பி. எலும்பையும் பருப்பையும் காயையும் போட்டு வைக்கிற தால்ச்சாவை முதலில் கண்டுபிடித்த புண்ணியவானுக்கோ புண்ணியவதிக்கோ மாசக் கடைசியில்தான் அந்த யோசனை வந்திருக்கும்.

அம்மாவுக்கு இன்னொரு இலாகாவும் உண்டு. உப்புப் பார்ப்பது. உப்பு சரியா, காரம் சரியா, கறி வெந்ததா என்று மூன்று கட்டமாகப் பார்ப்பார். வேக்காடு பார்க்க ஒரு துண்டு போதாது. தொடைக்கறி ஒரு பக்குவம், நெஞ்செலும்பு ஒரு பக்குவம். பந்திக்கு முன்னால் சட்டியில் எவ்வளவு குறைந்தது என்று யாரும் கணக்குக் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த வாரம் உப்பு பார்க்காத குழம்பு வரும். "எனக்கு வெறும் குழம்பு போதும்ப்பா" என்று கடைசியில் அம்மா சொல்லும்போது, அந்தத் தியாகத்துக்குப் பின்னால் நன்றாகச் சாப்பிட்ட ஒரு வயிறு இருந்தது. இருக்கட்டும், சமைத்தவர் அவர்தானே.

ஆட்டில் நொந்தவர்கள் கோழிக்கு ஓடுவார்கள். கோழிக்கடையில் பலகை இன்னும் பெரிது. உயிரோடு ஒரு விலை, தோலோடு ஒரு விலை, தோல் உரித்து ஒரு விலை, எலும்பு எடுத்து ஒரு விலை. நாலு விலை இருந்தாலும் கோழி ஒன்றுதான். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி இதைத் தாளில் போட்டே காட்டினார். 2 கிலோ உயிர்க்கோழியைத் தோலுரித்தால் சுமார் 1,300 கிராம் கறி தேறும். உயிர்க்கோழி கிலோ 140 என்றால், உரித்த கறியின் அடக்கமே 215 ஆகிறது. கடைக்காரர் 240 சொன்னால் அவருக்கு நிற்பது 25 ரூபாய். அதற்குள்தான் கடை வாடகை, கரன்ட், வெட்டுகிற பையனின் சம்பளம். இவ்வளவையும் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, கடைக்குப் போய், "230 போட்டுக்கப்பா" என்றார் தணிக்கை அதிகாரி. பையன் போட்டுக்கொண்டான். ஆனால் அன்றைக்கு அவன் வெட்டின வெட்டில் ஒவ்வொரு துண்டிலும் எலும்புச் சில்லு. அந்த வீட்டில் சாப்பிட்டு முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆனது.

கோழி விலை கடைக்காரர் கையிலும் இல்லை. பல்லடத்தில் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. பண்ணைக் கொள்முதல் விலையை அவர்கள் அறிவிக்க, அதைப் பார்த்துத்தான் கடைப் பலகை அழிக்கப்பட்டு எழுதப்படுகிறது. புரட்டாசி வந்தால் விலை இறங்கும். ஊரில் பாதி வீடு பெருமாளுக்காகக் கவுச்சியை விட்டுவிடும். நாற்பது நாள் சுமாரில் எடைக்கு வந்துவிடுகிற பிராய்லர் கோழிக்குப் புரட்டாசி தெரியாது, அது பாட்டுக்கு வளர்ந்து நிற்கும். வருஷத்திலேயே கோழி மலிவாகக் கிடைக்கிற காலம் அதுதான். நானும் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே வெண்டைக்காய் வாங்கப் போகிறேன். என் வீட்டில் புரட்டாசி முழுக்க விரதம். ஐப்பசி பிறந்ததும் ஊரே கோழிக்கடையில் வரிசை கட்டும், விலை எகிறும், அப்போது என் மனைவி, "ஏங்க, இன்னைக்கு ரெண்டு கிலோவா வாங்கிருங்க, ஒரு மாசமா நாக்கு செத்துக் கிடக்கு" என்பார். பக்தி முழுசாக இருக்கிற வீட்டில் சிக்கனத்துக்கு இடமில்லை.

பொங்கலுக்கு மறுநாள் இன்னொரு சோதனை. எங்கள் பக்கம் அன்றைக்கு வீட்டுக்கு வீடு கறி மணக்க வேண்டும். அதே நாள்தான் தை 2, திருவள்ளுவர் தினம். அரசு உத்தரவுப்படி கறிக்கடைகளுக்கு விடுமுறை. அதனால் முதல் நாள் சாயங்காலம், சர்க்கரைப் பொங்கல் ஏப்பம் அடங்குவதற்குள் கறிக்கடையில் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் எவன் விலை கேட்பான்? சொன்னதைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் வியாபாரத்தையும் தொட்டிருக்கிறார். தின்பதற்கு ஆள் இல்லாவிட்டால் காசுக்கு ஊன் விற்கவும் ஆள் இருக்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். தேவை இருக்கும்வரை சரக்கு வரும் என்பதை அவ்வளவு முன்னாலேயே கண்டுகொண்டவர். அவர் பெயரால் ஒரு நாள் கடையை மூடியதில் முந்தின நாள் சரக்கு ரெண்டு மடங்கு விற்கிறது.

மலிவு தேடுகிறவர்கள் ஒரு கட்டத்தில் முட்டைக்கோழியில் போய் நிற்பார்கள். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஒன்றரை வருஷம்போல முட்டையிட்டு ஓய்வு பெற்ற கோழி. விலை குறைவு, கறி கெட்டி. என் சித்தப்பா இதன் தீவிர ரசிகர். "நாட்டுக்கோழி ருசிடா, பாதிக் காசு" என்று ஒன்றைக் கொண்டு வந்து இறக்கினார். குக்கர் விசிலை எண்ணுவதைச் சமையலறையில் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். பப்பாளிக்காய்த் துண்டு போட்டுப் பார்த்தார்கள். கொட்டாங்குச்சிச் சில்லு போட்டால் சீக்கிரம் வேகும் என்று எதிர்வீட்டு அக்கா சொல்ல, அதையும் போட்டார்கள். கடைசியில் பப்பாளிக்காய் கரைந்துவிட்டது, கொட்டாங்குச்சி கொஞ்சம் இளகினாற்போலத் தெரிந்தது, கோழி மட்டும் சேர்ந்த அன்றைக்கு இருந்த உறுதியோடே இருந்தது. குழம்பு என்னவோ அருமை, அதை மறுக்க முடியாது. தண்ணியாக இறக்கி மிளகு தட்டிப் போட்டால் அந்தக் கோழியின் சாறுக்கு ஈடே கிடையாது. ஆனால் பாதி விலையில் மிச்சம் பிடித்த காசை கேஸ் கம்பெனிக்குக் கட்டிவிட வேண்டும்.

இதெல்லாம் சில்லறைச் சிக்கனம். மொத்தச் சிக்கனம் என்றால் ஆட்டையே வாங்குவது.

யோசனை என் மச்சினனுடையது. "மாமா, கடைக்காரன் நம்ம தலையில மிளகாய் அரைக்கிறான். திருமங்கலம் சந்தைக்குப் போவோம். ஒரு கிடாயப் பிடிப்போம். எட்டு பங்கு போடுவோம். கிலோ 500-க்கு மேல விழாது." எட்டுப் பங்காளிகளும் ஒரே ராத்திரியில் சேர்ந்துவிட்டார்கள். தணிக்கை அதிகாரி தானாகவே கணக்கப்பிள்ளைப் பொறுப்பை ஏற்றார்.

திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை. இருட்டு பிரியும் முன்பே களைகட்டிவிடும். அங்கே கிலோ, கிராம் என்ற பேச்சு குறைவு. ஆட்டின் முதுகைத் தடவுவார்கள், இடுப்பை அமுக்குவார்கள், முன்னங்காலுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார்கள், மதிப்புப் போட்டுவிடுவார்கள். என் மச்சினனும் தூக்கிப் பார்த்தான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டான், ஆட்டின் இடுப்பை அல்ல. தரகர் அவன் கையைத் தன் துண்டுக்குள் இழுத்து விரல்களைப் பிடித்து விலை பேச ஆரம்பித்தார். எந்த விரலுக்கு என்ன தொகை என்று இவனுக்குத் தெரியாது. தெரியாததைக் காட்டிக்கொள்ளவும் கூடாது. எனவே முகத்தை மட்டும் கடுமையாக வைத்துக்கொண்டு, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினான். துண்டை விலக்கியபோது ஆடு எங்களுடையது என்று தெரிந்தது. விலை 8,000 என்பதைத் தரகர் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் மச்சினனே தெரிந்துகொண்டான். "நல்லா இறுக்கிப் பேசிட்டேன் மாமா" என்றான்.

சந்தைக்கு வரும் ஆடு வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் வரும். வெள்ளிக்கிழமை நாங்கள் பார்த்த வயிறு சனிக்கிழமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரை மச்சினனின் தோப்பில் கட்டிப் போட்டிருந்தோம். ரெண்டு நாளைக்கு அகத்திக்கீரைக் கட்டு. அது போதாதென்று அவன் மனைவி ஆசையாக வளர்த்த கறிவேப்பிலைக் கன்றையும் ஒரே வாயில் முடித்துவிட்டது. அதையும் கணக்கில் எழுத வேண்டும் என்று அந்த அம்மாள் பிடிவாதம். தணிக்கை அதிகாரி, ரசீது இல்லாத செலவை எழுத முடியாது என்றார்.

ஞாயிறு காலை தோப்பில் வேலை முடிந்தது. தோலை வெட்டினவர் எடுத்துக்கொண்டார், அது வழக்கம். தலையையும் காலையும் தென்னை மட்டைத் தீயில் வாட்டிச் சுரண்டி வைத்தார்கள். 20 கிலோ சொச்சம் இருந்த ஆட்டில் எலும்போடு கறி 9 கிலோ 600 கிராம். உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. எந்த ஆட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் வரும். இது மச்சினனுக்குத் தெரியாது. மிச்சம் எங்கே போனது என்று வெட்டினவரைச் சந்தேகத்தோடு பார்த்தான். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே இவனைப் பார்த்தார். கேள்வி அதோடு நின்றது.

வாழை இலையை விரித்து எட்டுக் கூறு. தொடையில் கொஞ்சம், சப்பையில் கொஞ்சம், நெஞ்செலும்பு, கழுத்து, கொழுப்பு என்று எட்டிலும் சமமாக வைப்பதே ஒரு கலை. எவ்வளவு சமமாக வைத்தாலும் மூன்றாவது கூறு கொஞ்சம் எடுப்பாகத் தெரியும். எட்டு ஜோடிக் கண்ணும் அங்கேயே நிற்கும். அதனால்தான் பழைய ஆட்கள் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பையனைத் தென்னை மரத்தைப் பார்த்துத் திரும்பி நிற்க வைத்து, ஒவ்வொரு கூறாகக் காட்டி, "இந்தக் கூறு யாருக்கு?" என்று கேட்க வேண்டும். அவன் வாயில் வருகிற பெயருக்கு அந்தக் கூறு. அப்பீல் கிடையாது. மூன்றாவது கூறுக்கு அவன் "எங்க அப்பாவுக்கு" என்றான். அவன் மச்சினன் மகன். அவன் கண்ணாடி போட்டிருந்ததையும், கையில் ஏதோ பளபளப்பாக வைத்திருந்ததையும் பிறகு சிலர் நினைவுகூர்ந்தார்கள்.

அடுத்தது சுவரொட்டி, அதாவது மண்ணீரல். ஓர் ஆட்டுக்கு ஒரே ஒரு சுவரொட்டிதான். ரத்தம் ஊறும், சோகைக்கு நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். இவ்வளவு நேரம் ஆரோக்கியமாக இருந்த எட்டுக் குடும்பத்திலும் திடீரென்று ஆளுக்கொரு ரத்தசோகை நோயாளி முளைத்தார். ஒருவருடைய மகளுக்குத் தலைசுற்றல், ஒருவருடைய அம்மாவுக்கு மயக்கம். ஆட்டோ ஓட்டுகிற பங்காளி தன் கண்ணின் கீழ் இமையை இழுத்தே காட்டினார். தணிக்கை அதிகாரி ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். கடைசியில் வெட்டினவர், "இத வாட்டி எனக்குக் குடுத்திருங்க, உங்களுக்குள்ள சண்டை வேணாம்" என்று தீர்த்து வைத்தார்.

கணக்கு இது: ஆடு 8,000, ஆட்டோ 600, தரகு 100, வெட்டுக்கூலி 500. மொத்தம் 9,200. பங்குக்கு 1,150. ஆளுக்கு 1,200 கிராம் கறி. கிலோ 958 ரூபாய் சொச்சம். தணிக்கை அதிகாரி இதை வாசித்ததும் தோப்பில் காக்கை கத்துவது நன்றாகக் கேட்டது. கடையில் 900.

"குடல், ஈரல், தலை, கால், ரத்தம் எல்லாத்தையும் விட்டுட்டுப் பேசுறீங்களே" என்றான் மச்சினன். நியாயம்தான். தலைக்கும் காலுக்கும் கடையில் கொடுக்கிற காசைச் சேர்த்தால் ஆடு லாபம். ஆனால் யார் வீட்டில் குடல் சுத்தம் செய்வது? ஒருவர் வீட்டில் மனைவி வாசலுக்குள்ளேயே விட மாட்டார். ஒருவருடைய மகள் கண் இருக்கிற எதையும் தின்ன மாட்டாள். ஒருவர் வீட்டில் எலும்பே கூடாது. ஒவ்வொருவராக, "தலை எனக்கு வேண்டாம்", "குடலை நீங்களே வச்சுக்குங்க" என்று பெருந்தன்மை காட்ட, கடைசியில் தலை, நாலு கால், குடல், ரத்தம் முழுவதும் ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போனது. அவர் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். வாட்டின தலையில் ஒரு குழம்பு, காலில் ரெண்டு நாள் சாறு, குடலில் வறுவல், ரத்தத்தில் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல். புதன்கிழமை வரைக்கும் அந்த வீட்டில் மணம். கட்டினது எல்லாரையும் போல அதே 1,150 ரூபாய்.

ஆட்டின் விலையைச் சந்தைக்காரனும் ஏற்றவில்லை, பாயும் ஏற்றவில்லை, நம் வீட்டுப் பிள்ளைகள்தான் ஏற்றினார்கள் என்பது என் கட்சி. கொம்பிலிருந்து குளம்பு வரை தின்னத் தெரிந்த வீட்டுக்கு ஆடு இன்னமும் மலிவுதான். அதே ஆட்டில் தொடையில் ஒரு பிடி தனிக்கறி மட்டும் தின்பேன் என்கிறவன், தின்னாத ஆட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறான். என் பேரன் இருக்கிறானே, எலும்பு பல்லில் பட்டால் சாப்பாட்டையே நிறுத்திவிடுவான். இந்த வம்சத்தில்தான் என் அப்பத்தாவும் வாழ்ந்தார். நல்லி எலும்பை உறிஞ்சி முடித்து, தட்டில் டொக்கென்று தட்டிப் பார்த்து, மறுபடி உறிஞ்சுவார். அவர் துப்பிய எலும்பை நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

அப்பத்தா காலத்தில் பிரிட்ஜ் கிடையாது. கோயில் கொடையில் வந்த பங்கு கறியில் ஆன மட்டும் தின்றது போக மிச்சத்தை உப்பும் மஞ்சளும் புரட்டி, கோணி ஊசியால் நூலில் கோத்து, முற்றத்தில் கொடி கட்டித் தொங்கவிடுவார். உப்புக்கண்டம். காக்கைக்குக் காவல் நான். கூலி ஒரு துண்டு, அதுவும் காய்ந்த பிறகு. வெயிலில் சுண்டிச் சுண்டிக் கட்டை ஆகிவிடும். கறி எடுக்க வழியில்லாத நாளில் ரெண்டு துண்டை இடித்து எண்ணெயில் பொரித்து வைத்தால், பழைய சோறு ஒரு கும்பா இறங்கும். ஒரு துண்டை மென்று விழுங்குவதற்குள் வயிறு நிறைந்துவிடும், தாடையும் வலிக்கும். இதைவிடச் சிக்கனமான கறியை நான் பார்த்ததில்லை. போன கோடையில் மொட்டை மாடியில் நானும் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேன். "அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல நம்மள ஏலம் போட்டுருவாங்க" என்றார் மனைவி.

அவர் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார். மாசத்தில் ஒரு ஞாயிறு குடல் வாரம் என்று அறிவித்துவிட்டார். மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்தால் ஊருக்கு வரவே மாட்டான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். குடல் அலசுகிற நாளில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போய்விடுவான்.

போன வாரம் அவன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கறுப்புக் கல் தட்டு, மேலே ரெண்டு கொத்தமல்லி இலை, ஓரத்தில் சிவப்பாக ஒரு வெங்காய வளையம், நடுவில் ஒரு கரண்டி அளவுக்கு ஏதோ வறுவல். "அம்மா, இங்க ஒரு ரெஸ்டாரண்ட்ல மட்டன் போட்டி ஃப்ரை செம்ம" என்று கீழே எழுதியிருந்தான். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனில் கூப்பிட்டார்.

"இது எவ்வளவுடா?"

"420 ரூபாம்மா. கொஞ்சமாத்தான் இருக்கும், ஆனா டேஸ்ட் சூப்பர்."

"போட்டின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆட்டோட ஏதோ ஒரு பார்ட்டும்மா" என்றான்.

மனைவி அவனிடம் எதையும் விளக்கவில்லை. தீபாவளிக்கு வரும்போது வீட்டிலேயே செய்து தருவதாகவும், வெளியில் காசை வீணாக்க வேண்டாம் என்றும் பாசமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, அந்தக் கறுப்புக் கல் தட்டு எங்க கிடைக்கும்னு விசாரிங்க. ஒரு தட்டுக்கு 300 வாங்கிக்கலாம், பிள்ளைதானே."